பாட்டு வேண்டும், பாடுகிற பெண் வேண்டாமா?

வடபழனி என்றதும் முருகன் கோயில் நினைவுக்கு வரும். அடுத்தபடியாக சினிமா நினைவுக்கு வரும். 1948-ல் காரைக்குடியிலிருந்து ஏ.வி.எம். ஸ்டூடியோ இங்கே வந்தது. அதே ஆற்காடு சாலையில் விஜயா-வாகினி ஸ்டூடியோ ஓகோ என்று நடந்தது. வாகினி நின்ற இடத்தில் இன்று பெரிய வணிக மாளிகை நிற்கிறது. ஆயினும் பாட்டுத் தொழில் இந்த வட்டாரத்தை விட்டுப் போய்விடவில்லை. வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் தெருக்களில் இன்றும் ஒலிப்பதிவுக் கூடங்கள் இயங்குகின்றன. கோரஸ் பாடும் பெண்கள், டப்பிங் பேசும் பெண்கள், குரூப் டான்ஸ் ஆடும் பெண்கள் பஸ் ஏறி வந்து வேலை செய்துவிட்டுப் போகிறார்கள். கோவை ஆலைத் தொழிலாளி இரவு ஷிப்ட் முடிந்து செல்போனில் கேட்கும் பாட்டும், தஞ்சையில் திருவிழாப் பந்தலில் ஒலிபெருக்கி முழங்கும் பாட்டும் பெரும்பாலும் இந்தத் தெருக்களில்தான் உருவாகின்றன.

இந்தத் தொழிலில் இப்போது ராப் என்ற பாட்டு முறை செல்வாக்குப் பெற்றிருக்கிறது. நம் வாலிபர்கள் அதைப் பெரிதும் விரும்புகிறார்கள். விரும்பட்டும், அதில் தவறு இல்லை. ஆனால் அங்கே ஓர் அநியாயம் நடக்கிறது. ஆண் பாடினால் விசில் பறக்கிறது. பெண் பாடினால் வசவு பறக்கிறது. அவள் பாட்டைப் பற்றிய பேச்சு குறைவு. அவள் நிறம், உடம்பு, உடுத்திய துணி, யாருடன் போனாள், யாருடன் வந்தாள் என்ற பேச்சுதான் அதிகம்.

"இது பட்டணத்து விவகாரம். ஆலைத் தொழிலாளிக்கும் வயற்கூலிக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்று சில தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. வசை பொழிகிறவன் பணக்கார வீட்டுப் பிள்ளை மட்டுமல்ல. நம் வீட்டுப் பிள்ளையும் அதில் இருக்கிறான். வசை வாங்குகிற பெண்ணும் பெரும்பாலும் நம்மைப் போன்ற வீட்டில் பிறந்தவள்தான். எனவே இது நம் வீட்டு விவகாரம்.

பெண்ணின் வாயில் பிறந்த பாட்டு

ராப் என்பது என்ன? தாளத்துக்கு இசைய, பேச்சு வேகத்தில், மனதில் உள்ளதை மறைக்காமல் அடுக்கடுக்காகச் சொல்லும் பாட்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து ஏழை நீக்ரோ மக்கள் என்று அன்று சொல்லப்பட்ட கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் 1970-களில் அது வளர்ந்தது. வேலையின்மை, போலீஸ் கொடுமை, நிறவெறி இவற்றுக்கு நடுவே பிறந்த பாட்டு அது.

இது ஆண்பிள்ளைப் பாட்டு என்று நம் வாலிபர்கள் நினைக்கிறார்கள். சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. 1973 ஆகஸ்டு 11-ந் தேதி பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்திலிருந்துதான் ஹிப்ஹாப் இயக்கத்தின் தொடக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்த விருந்தில் இசைத்தட்டு சுழற்றியவர் கூல் ஹெர்க். விருந்துக்கு ஏற்பாடு செய்தவரோ அவருடைய தங்கை சிண்டி கேம்பெல். பள்ளிக்கூடம் திறக்குமுன் புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்பதற்காக அந்தப் பெண் நுழைவுக் கட்டணம் வைத்து நடத்திய விருந்து அது. பிறகு 1979-ல் ராப் பாட்டை முதன்முதலாக நாடெங்கும் விற்ற இசைத்தட்டாக வெளியிட்டவரும் ஒரு பெண்தான்: சில்வியா ராபின்சன்.

அமெரிக்கா வரை போவானேன்? நம் வயலுக்கு வாருங்கள். நடவு நடும்போது முதல் அடி எடுத்துக் கொடுப்பது யார்? ஒரு பெண். பின்பாட்டுப் பாடுவது யார்? வரிசையாக நிற்கும் பெண்கள். மிராசுதாரின் கஞ்சத்தனத்தையும், காரியக்காரனின் அதிகாரத்தையும் நையாண்டி செய்து அந்த நிமிஷத்திலேயே சொல் கட்டிப் பாட அவர்களுக்குத் தெரியும். இழவு வீட்டில் ஒப்பாரி வைப்பது யார்? பெண்கள். செத்தவன் பெருமையோடு, இருக்கிறவன் செய்த அநியாயத்தையும் சேர்த்துச் சொல்லி அழுவாள். சபை கேட்டுக் கொண்டிருக்கும். கும்மியில் கைத்தாளத்துக்குச் சொல் அடுக்குவது யார்? பெண்கள்தான்.

2021-ல் உலகத் தமிழர் எல்லோரும் கேட்ட 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டைப் பாருங்கள். அறிவும் தீயும் சேர்ந்து பாடியது. அந்தப் பாட்டின் வேர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையில் இருக்கிறது என்று அறிவே சொல்லியிருக்கிறார். அதில் ஒப்பாரியின் குரல் உண்டு. நிலமில்லாத ஒரு கூலிப் பெண் சேர்த்து வைத்த துக்கத்திலிருந்து கிளம்பிய பாட்டு அது. பாட்டியின் வாயிலிருந்து வந்த பாட்டைக் கேட்டு ஆடுவார்களாம், பேத்தி அதே மேடைக்கு வந்தால் "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்பார்களாம். இது என்ன நியாயம்?

இசைவாணிக்கு நடந்தது

நம் ஊர் ராப்புக்கு மிக நெருங்கிய உறவு கானா. வடசென்னையில் துறைமுகத் தொழிலாளியும் ரிக்சாக்காரரும் மீனவரும் வாழும் பகுதிகளில் வளர்ந்த பாட்டு அது. சாவு வீட்டில் இரவு முழுவதும் பாடுவார்கள். அந்த மேடை நெடுங்காலம் ஆண்களின் மேடையாகவே இருந்தது.

ராயபுரத்துப் பெண் இசைவாணி அந்த மேடையில் ஏறினார். 2018 ஜனவரி 6-ந் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து கட்டிய குழு அது. கானாவும் ராப்பும் கலந்து சாதிக் கொடுமைக்கு எதிராகப் பாடிய பத்தொன்பது பேரில் பெண் இவர் ஒருவரே. 2020-ல் பி.பி.சி. உலகெங்கும் தேர்ந்தெடுத்த 100 பெண்களில் இவரையும் சேர்த்தது. ஆண்கள் கைவசம் இருந்த கானா மேடையில் வருஷக்கணக்காகப் போராடி இடம் பிடித்தவர் என்று பாராட்டியது.

இந்தக் குழு சபரிமலைக்குள் பெண்கள் நுழைவதைப் பற்றியும் ஒரு பாட்டுப் பாடியது. 2018 செப்டம்பர் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, நாடெங்கும் அதே பேச்சாக இருந்த காலம் அது. பாட்டில் முன்னணிக் குரல் இசைவாணியுடையது. பாட்டு வந்து ஆண்டுகள் உருண்டோடின. 2024 நவம்பரில், சபரிமலை சீசன் நேரத்தில், அந்தப் பழைய பாட்டைத் தூசி தட்டி எடுத்துப் பரப்பினார்கள். இசைவாணியைக் கைது செய் என்று போலீசில் புகார்கள் குவிந்தன. அத்தோடு நின்றதா? அவருடைய செல்போனுக்கு மிரட்டல் வந்தது. ஆபாசச் செய்திகள் வந்தன. அவர் சென்னை போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குப் போய்ப் பாதுகாப்புக் கேட்டுப் புகார் கொடுக்க நேர்ந்தது.

நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுகிறோம். அந்தப் பாட்டின் கருத்து பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. நம் ஆலைகளிலும் வயல்களிலும் மாலை போட்டு மலைக்குப் போகும் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் மனம் புண்பட்டால் அதைச் சொல்லட்டும், எதிர்வாதம் பேசட்டும், எதிர்ப்பாட்டுக்கூடப் பாடட்டும். ஆனால் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி அசிங்கமாக எழுதி அவள் போனுக்கு அனுப்புவது எந்த பக்தி? எந்த விரதத்தில் அதற்கு இடம் உண்டு? ஒரு குழுவே சேர்ந்து உண்டாக்கிய பாட்டு அது. தாளம் போட்டவர், இசை கட்டியவர், உடன் நின்று பாடியவர் எல்லாம் ஆண்கள். ஆபாசம் மட்டும் அந்தப் பெண்ணைத் தேடிப் போனது ஏன்? ஆண் பாடினால் கருத்துக்குப் பதில் சொல்லுகிறார்கள்; பெண் பாடினால் கற்பை விசாரிக்கிறார்கள். கோளாறு இங்கேதான் இருக்கிறது.

ஆபாசம் யாருடையது?

"பெண்கள் ராப் பாட வந்தால் ஆபாசமாகப் பாடுகிறார்கள், கலாசாரம் கெடுகிறது" என்று ஒரு வாதம் கேட்கிறோம். ஆபாசத்தை நாமும் ஆதரிக்கவில்லை. ஆனால் தராசு ஒன்றாக இருக்க வேண்டாமா?

2015 டிசம்பர் மாதம் ஞாபகம் இருக்கிறதா? சென்னையே வெள்ளத்தில் தத்தளித்த மாதம். அப்போது நடிகர் சிலம்பரசன் குரலில் பெண்களைக் கேவலப்படுத்தும் ஒரு பாட்டு செல்போன்களில் பரவியது. 'பீப்' பாட்டு என்று பெயர் பெற்றது. கோவையில் மாதர் சங்கத் தோழியர் போலீசில் புகார் கொடுத்தார்கள்; தெருவில் இறங்கிக் கண்டித்தார்கள். வழக்கும் பதிவாயிற்று. அன்று கலாசாரக் காவலர்கள் பலர் எங்கே போனார்கள்? "வாலிபப் பிள்ளை, விளையாட்டாகப் பாடிவிட்டான்" என்று சமாதானம் சொன்னவர்கள் எத்தனை பேர்! கேட்டு ரசித்தவர்கள் எத்தனை பேர்!

தமிழில் ராப் பாட்டைத் தெருத்தெருவாகக் கொண்டு சேர்த்த ஹிப்ஹாப் தமிழா ஆதியின் முதல் புகழ் பெற்ற பாட்டு எதைப் பற்றியது? குடித்துவிட்டு நடன விடுதிக்குப் போகும் நகரத்துப் பெண்களுக்குத் தமிழ்ப் பண்பாட்டின் பெயரால் புத்தி சொல்வதுதான் அதன் பொருள். குடியால் கெட்ட குடும்பங்களை நம் தெருவில் எண்ணிப் பாருங்கள். டாஸ்மாக் கடை வாசலில் கூலியைத் தொலைப்பது பெண்களா? கடையை மூடு என்று ஊர் ஊராகப் போராடியது யார்? பெண்கள். பாட்டில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது மட்டும் பெண்.

காதலை மறுத்த பெண்ணைத் தூற்றும் பாட்டுகளுக்குச் சினிமாக் கொட்டகையில் விசில் பறந்ததையும் நாம் அறிவோம். அதே காலத்தில் என்ன நடந்தது? 2016 ஜூன் 24-ந் தேதி காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், ஜனங்கள் பார்த்துக் கொண்டிருக்க, வேலைக்குப் புறப்பட்ட ஓர் இளம் பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். 2018 மார்ச் 9-ந் தேதி, வடபழனிக்கு அடுத்துள்ள கே.கே. நகரில், கல்லூரி விட்டு வந்த மாணவியை, பின்தொடர்ந்து தொல்லை கொடுத்து வந்த ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். பாட்டு கொன்றது என்று நாம் சொல்லவில்லை. 'இல்லை' என்று சொல்லும் உரிமை பெண்ணுக்குக் கிடையாது என்ற எண்ணம் கொன்றது. அந்த எண்ணத்துக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் பாட்டை ரசித்துவிட்டு, எதிர்த்துப் பாடும் பெண்ணை ஆபாசக்காரி என்பது பித்தலாட்டம்.

தொழிலாளிக்காகப் பாடிய ராப்

பெண் ராப் பாடகியால் பாட்டாளிக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்குக் கொடைக்கானலைக் காட்டுகிறோம்.

அங்கே இந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனி பாதரச வெப்பமானித் தொழிற்சாலை நடத்தியது. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டு வந்து 1980-களில் தொடங்கிய ஆலை. தொழிலாளிகள் பாதரச விஷத்தின் நடுவே வேலை செய்தார்கள். விஷம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடப்பது 2001-ல் அம்பலமாயிற்று. ஆலை மூடப்பட்டது. கம்பெனி தப்பிக்கப் பார்த்தது. தொழிலாளிகள் சங்கமாகத் திரண்டு பதினைந்து ஆண்டுகள் போராடினார்கள். பெரிய பத்திரிகைகள் எப்போதாவதுதான் திரும்பிப் பார்த்தன.

2015 ஜூலை மாத இறுதியில் சென்னைப் பெண் சோபியா அஷ்ரப் ஒரு ராப் பாட்டுப் பாடினார். கொடைக்கானல் தொழிலாளிக்கு நஷ்டஈடு கொடு, விஷத்தை அள்ளி மண்ணைச் சுத்தம் செய் என்று கம்பெனியைப் பெயர் சொல்லிக் கேட்டது அந்தப் பாட்டு. லட்சோபலட்சம் பேர் உலகெங்கும் பார்த்தார்கள். லண்டனில் உள்ள முதலாளிக்கும் அது கேட்டது. 2016 மார்ச்சில் கம்பெனி இறங்கி வந்து 591 முன்னாள் தொழிலாளிகளின் விஷயத்தில் ஒப்பந்தம் செய்து கொண்டது. வென்றது தொழிலாளிகளின் நீண்ட போராட்டம், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தை உலகத்தின் காதில் போட்டதில் ஒரு பெண்ணின் ராப் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. மண்ணைச் சுத்தம் செய்யும் விஷயத்தில் கம்பெனி செய்வது போதாது என்று 2018-ல் டி.எம். கிருஷ்ணாவையும் சேர்த்துக் கொண்டு அவர் மறுபடியும் பாடினார்.

இதே சோபியா முன்பு தலையை மூடிக் கொண்டு பாடியபோது பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'பர்தா ராப் பாடகி'! போபால் விஷவாயுவைப் பற்றி அவர் பாடினார்; பார்த்தவர்களுக்குத் தலைத் துணிதான் தெரிந்தது. மூடினாலும் பேச்சு, திறந்தாலும் பேச்சு. பெண் எப்படி உடுத்தினாலும் சொல்லைக் கேட்பதில்லை என்று முடிவு கட்டிய ரசிகனை எந்த உடையும் திருப்திப்படுத்தாது.

உலகெங்கும் ஒரே கதை

1984-ல் நியூயார்க்கில் ராக்சான் ஷாண்டே என்ற பதினான்கு வயதுச் சிறுமி, பெண்ணைக் கேலி செய்த ஓர் ஆண்கள் குழுவுக்குப் பதிலடியாக ராப் பாடிப் புகழ் பெற்றாள். மறு ஆண்டு பெரிய பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று வரை வந்தாள். கூட்டம் அவளை ஆரவாரித்தது. ஆனால் நடுவர்களில் ஒருவரான பிரபல பாடகர் கர்டிஸ் பிளோ மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டு அவளைத் தோற்கடித்தார். ஒரு சிறுமி முதலிடம் பெற்றால் ராப் கலைக்கு யாரும் மதிப்புத் தர மாட்டார்கள் என்பதே காரணம் என்று ஷாண்டே பின்னாளில் கூறியிருக்கிறார். பெண் வென்றால் கலைக்கே இழுக்காம்!

ஈழத்துத் தமிழ்ப் பெண் மாதங்கி அருட்பிரகாசம் கதை வேறு விதம். அகதியாக லண்டன் போய், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகறிந்த ராப் பாடகி ஆனவர். தன் தாய் கலாவின் பெயரால் 2007-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் சில பாட்டுகளுக்குச் சென்னைக்கு வந்து நம் உறுமி மேளக்காரர்களை வாசிக்க வைத்தார். ஆனால் இசை விமர்சகர்கள் பலர், அவருடன் வேலை செய்த ஆண் ஒருவரே எல்லாவற்றுக்கும் மூளை என்று எழுதினார்கள். என் உழைப்பை ஏன் ஆண் கணக்கில் எழுதுகிறீர்கள் என்று அவர் வெளிப்படையாகவே கேட்டார். நம் வயலில் நாள் முழுவதும் நட்டவள் கூலியைப் புருஷன் கையில் கொடுக்கிற வழக்கம் இருக்கிறதே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கடைசியாக ஒன்று. அமெரிக்க ராப் பாடகி மேகன் தி ஸ்டாலியன் 2020 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காலில் சுடப்பட்டார். சுட்டவர் டோரி லானெஸ் என்ற ஆண் பாடகர். நடந்தது என்ன? ராப் ரசிகர்களில் பெரும் கூட்டம் சுட்டவரை விட்டுவிட்டுச் சுடப்பட்டவளைக் கேலி செய்தது. பொய்க்காரி என்றது. ஏன் அன்றே சொல்லவில்லை என்று விசாரித்தது. 2022 டிசம்பரில் ஜூரி குற்றத்தை உறுதி செய்தது. 2023 ஆகஸ்டில் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் கேலி ஓயவில்லை.

'ஏன் அன்றே சொல்லவில்லை?' இந்தக் கேள்வி நமக்குப் பழக்கமானதுதான். 2018 அக்டோபரில் பாடகி சின்மயி, கவிஞர் வைரமுத்து மீது பாலியல் புகார் கூறினார். கவிஞர் அதை மறுத்தார். வழக்கு மன்றம் சொல்ல வேண்டிய தீர்ப்பை நாம் சொல்லப் போவதில்லை. ஆனால் புகார் சொன்ன அடுத்த மாதமே, டப்பிங் கலைஞர் சங்கத்திலிருந்து சின்மயி நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்று காரணம் சொன்னார்கள். பாக்கி இல்லை என்று அவர் மறுத்தார். சங்க ரசீதின் அருமை தெரிந்தவர்கள் நாம். நம்மைக் கேட்டால் சொல்லுவோம்: புகார் சொன்ன தொழிலாளியை வெளியே நிறுத்திவிட்டுச் சந்தா கணக்குப் பார்ப்பது முதலாளியின் வழக்கம். சங்கத்துக்கு அது அழகல்ல. இதே சினிமா உலகத்தில்தான் எம்.பி. சீனிவாசன் வாத்தியக் கலைஞர்களை ஒன்று சேர்த்துச் சங்கம் கட்டினார். சங்கம் என்றால் பலவீனமானவருக்குக் கேடயம் என்று அவர் காட்டினார்.

லாபம் யாருக்கு?

இத்தனை வசவாலும் லாபம் அடைவது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

எல்.ஆர். ஈஸ்வரியை எல்லோருக்கும் தெரியும். கோரஸ் பாடி வயிறு கழுவிய தாயோடு ஸ்டூடியோவுக்கு வந்து, தானும் கோரஸ் பாடி, முன்னுக்கு வந்தவர். 1961-ல் வந்த 'பாசமலர்' படத்தில் அவர் பாடிய மணப்பெண் பாட்டு இல்லாத கல்யாண வீடு ஒரு காலத்தில் கிடையாது. ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் கேட்பதும் அவர் குரல். ஆனால் சினிமாக்காரர்கள் அவரைப் பெரும்பாலும் கிளப் டான்ஸ் பாட்டுக்கே கூப்பிட்டார்கள். கொட்டகையில் அந்தப் பாட்டுக்கு ஆர்ப்பரித்த ரசிகனே, வெளியே வந்து "அது ஒரு மாதிரியான குரல்" என்றான். அந்தப் பெயரைச் சாக்காக வைத்து, 'உயர்ந்த' பாட்டு வேறு, 'மட்டமான' பாட்டு வேறு என்று பாடகிகளைத் தரம் பிரித்தார்கள். ஆலையில் நூல் பிரிவுக்கு ஒரு கூலி, பெண்கள் வேலை செய்யும் பிரிவுக்கு ஒரு கூலி என்று பிரிப்பது போல.

இன்றும் அதுதான். ஒரு பெண்ணைப் பற்றி 'ஒரு மாதிரி' என்று பெயர் கட்டிவிட்டால் அவளுக்குக் கச்சேரி குறையும். குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிக்க வேண்டி வரும். ராத்திரி நிகழ்ச்சி முடிந்து வீடு போக வண்டி கேட்டால் "பெரிய நடிகை!" என்ற ஏளனம் வரும். இன்னொரு பக்கம், வசவும் வியாபாரம் ஆகிறது. யூடியூப், இன்ஸ்டாகிராம் கம்பெனிகளுக்குப் பாராட்டும் ஒன்றுதான், வசவும் ஒன்றுதான். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் எழுதினார்கள் என்ற கணக்குத்தான் அவர்களுக்கு விளம்பரப் பணம். நம் பையன் ஒரு கூலி வீட்டுப் பெண்ணை வைது எழுதும் ஒவ்வொரு வரிக்கும் கடல் கடந்த முதலாளி காசு பார்க்கிறான். பையனுக்குக் கிடைப்பது என்ன? எட்டு மணி நேரமும் மேஸ்திரியிடம் வசவு வாங்கியவன், தானும் ஒருத்தியை வைதுவிட்டேன் என்ற அற்ப சந்தோஷம். மேஸ்திரிக்கு இதைவிடச் சௌகரியம் வேறு என்ன வேண்டும்?

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! நம் மேடைக்குப் பெண் குரல் புதிதல்ல. மதுரையில் நாடக மேடையில் பாடி நடித்துப் பெயர் பெற்றவர் கே.பி. ஜானகி அம்மாள். விஸ்வநாததாசுடன் மேடையேறி தேச விடுதலைக்குப் பாடியவர். நாடகக்காரி என்று ஏளனம் செய்தவர்கள் அன்றும் உண்டு. அவர் பாட்டைக் கேட்கக் கூடிய தொழிலாளிகளும் விவசாயிகளும் அவரைத் தலைவி என்று ஏற்றுக் கொண்டார்கள். 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதி மக்கள் அவரைச் சட்டசபைக்கே அனுப்பினார்கள். ரசிகர்கள் திருந்த மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில்.

எனவே சில காரியங்களை நாம் உடனே செய்யலாம். மே தின மேடையிலும் ஊர்த் திருவிழாவிலும் பாட்டுக் கச்சேரி வைக்கும்போது பெண் பாடகருக்கு ஆணுக்குச் சமமான சம்பளம் பேசுவோம். அவர்கள் பத்திரமாக வீடு திரும்ப வண்டி ஏற்பாடு செய்வோம். பெண் பாடும்போது கூட்டத்திலிருந்து அசிங்கமான கூச்சல் எழுந்தால், மேடையில் இருப்பவர் வாய்மூடிப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். பாட்டை நிறுத்திக் கண்டிக்கட்டும். பக்கத்தில் நிற்கும் தொழிலாளி அவன் தோளைத் தொட்டு, "தம்பி, உன் அக்கா பாடினாலும் இப்படித்தான் கத்துவாயா?" என்று கேட்கட்டும். அக்கா இல்லாதவனிடமும் கேட்கட்டும். எவருடைய அக்காவாக இல்லாவிட்டாலும் அவள் உழைத்துப் பிழைக்கும் ஒரு மனுஷி என்று சொல்லட்டும்.

வாலிபர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாட்டு பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். தாளம் தப்பியதா, சொல் மட்டமா, கருத்துத் தவறா, அதையும் எழுதுங்கள். ஆணுக்கு எழுதுகிற மாதிரியே எழுதுங்கள். நண்பர்கள் கூட்டத்தில் ஒருவன் ஆபாசமாக ஒன்றை அனுப்பினால், சிரித்துவிட்டு மேலே அனுப்பாதீர்கள். "இதை நிறுத்து" என்று முதலில் சொல்லுகிறவன் நீங்களாக இருங்கள். பத்துப் பேர் நடுவில் அதைச் சொல்ல, ஆலை வாசலில் கொடி பிடிக்கிற அளவு தைரியம் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அந்தத் தைரியம் உங்களிடம் உண்டு.

பெற்றோர்களே! மகள் பாடுகிறாள் என்றால் வாயை மூடாதீர்கள். நடவு வயலில் பாடிய வாய்க்குப் பட்டணத்து மேடையிலும் பாட உரிமை உண்டு. வடபழனியில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வெளியே தன் முறைக்குக் காத்து நிற்கும் பெண்ணும், பஞ்சாலை வாசலில் ஷிப்டுக்குக் காத்து நிற்கும் பெண்ணும் ஒரே வர்க்கத்தின் பிள்ளைகள். ஒருத்தியை அவமதித்துவிட்டு இன்னொருத்திக்கு நியாயக் கூலி வாங்கித் தர நம்மால் முடியாது.